பட்டியலில் விடுபட்ட பினாங்குக்காரர்

நாலு பேர் மாமாக் கடையில் உட்கார்ந்தால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு பட்டிமன்றம் கூடிவிடும். மெஸ்ஸியா ரொனால்டோவா என்பது ஒரு நாள் தலைப்பு. தானே மெட்டுக் கட்டித் தானே பாடியவர்களில் உலகத்திலேயே பெரிய ஆள் யார் என்பது இன்னொரு நாள் தலைப்பு. ஒருத்தர் பாப் டிலான் என்பார். 2016-ல் இலக்கிய நோபல் பரிசே வாங்கிவிட்டாரே, அப்புறம் என்ன பேச்சு என்று மேசையைத் தட்டுவார். இன்னொருத்தருக்கு ஜான் லெனன். மூன்றாமவர் ஜமைக்காவின் பாப் மார்லியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். நாலாவது ஆள் இளையராஜாவைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார். கடை மூடும்வரை முடிவு வராது.

எல்லாம் நியாயமான பெயர்கள்தான். இதில் யாரையும் தூக்கச் சொல்லி நான் வரவில்லை. ஆனால் இந்த வாக்குவாதம் எத்தனை முறை நடந்தாலும் ஒரு பெயர் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. அவர் பினாங்கில் பிறந்தவர். சிங்கப்பூரில் புகழ் பெற்றவர். கோலாலம்பூரில் 44 வயதில் மறைந்தவர். அவரை நமக்குத் தெரியாமலும் இல்லை. டிவியில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துச் சிரித்துத்தானே வளர்ந்தோம்? பள்ளிக்கூட மேடையில் அவர் பாட்டைப் பாடியும் இருப்போம். சிரிக்க வைத்த நடிகராக அவர் நம் மனதில் நின்றுவிட்டார், பாட்டுக்காரராகக் கணக்கில் வரவில்லை. பி. ரம்லியைத்தான் சொல்கிறேன்.

அவருடைய இயற்பெயர் ரம்லி இல்லை. தெங்கு ஜக்காரியா. 1929 மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தகப்பனார் தெங்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாயார் சே மா, பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கத்துக்காரர். பாட ஆரம்பித்தபோது ரம்லி என்று பெயரை வைத்துக்கொண்டு, தகப்பன் பெயரான புத்தேயின் முதலெழுத்தை முன்னால் சேர்த்துக்கொண்டார். மலாய்க்காரர்களிடம் அவ்வளவாக இல்லாத வழக்கம் இது. நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. எங்கே பார்த்துப் பழகினாரோ, அந்த ‘பி’யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன உறவு தோன்றும்.

படிப்பில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று யாரும் எழுதவில்லை. கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பிறகு பினாங்கு ஃபிரீ ஸ்கூல். நடுவில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அந்த மூன்றரை வருஷத்தில் ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஜப்பானியப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். நம் தாத்தாமார்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் போன அதே காலம் அது. அந்தக் காலத்தை யாரும் ஆசையாக நினைப்பதில்லை. ஆனாலும் பையன் காதில் விழுந்தது எதுவும் வீண் போகவில்லை. யுகுலேலி, கித்தார், வயலின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். கமாருடின் என்ற இசை ஆசிரியரிடம் ஸ்வரக்குறிப்பை எழுதவும் படிக்கவும் பழகினார். காதால் கேட்டு வாசிப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். தன் தலையில் ஓடும் மெட்டைத் தாளில் இறக்கி இன்னொருவரை வாசிக்க வைக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு மலாயாவில் குறைவு. பின்னாளில் அவர் எட்டிய உயரத்துக்கு இந்த ஒரு பயிற்சிதான் முதல் படி என்பது என் கணிப்பு.

1947-ல் வட மலாயாப் பாட்டுப் போட்டியில் முதலாவதாக வந்தார். அதே சமயத்தில் அசிசா என்ற பெண்ணின் பெயரில் ஒரு பாட்டுக்கு மெட்டுக் கட்டினார். வயது பதினெட்டைத் தாண்டவில்லை. மறுவருஷம் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் தன் இசைக்குழுவோடு அந்தப் பாட்டைப் பாடினார். கூட்டத்தில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்ற இந்திய இயக்குநர் இருந்தார். 1930-களிலேயே சிங்கப்பூரில் ‘லைலா மஜ்னூன்’ என்ற மலாய்ப் படத்தை எடுத்தவர் இவர். பாட்டைக் கேட்டார், பையனைச் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டார். 1948 ஆகஸ்டில் ரம்லி ரயிலேறிவிட்டார்.

சிங்கப்பூர் பாலஸ்தியர் பக்கம் போகிறவர்களுக்கு ஜாலான் அம்பாஸ் தெரிந்திருக்கும். சின்னச் சந்து. அங்கேதான் ஷா சகோதரர்களின் மலாய்ப் படக் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி நடந்த விதமே ஒரு வேடிக்கை. முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நம் படம் போலவே அந்தப் படத்திலும் பாட்டு இருந்தாகணும், அழுகை இருந்தாகணும், கடைசியில் யாராவது மன்னிப்புக் கேட்டாகணும். ரம்லிக்கு முதல் படமான ‘சிந்தா’வில் கிடைத்தது வில்லன் வேஷம். கதாநாயகனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு மட்டும் பாடிக் கொடுத்தார். தான் பாட, வேறொருவர் வாயசைக்க, ரசிகர்கள் அந்த வேறொருவருக்குக் கைதட்ட. இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

அதை மாற்றியவர் நம்மவர். எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். 1950-ல் ‘பக்தி’ என்ற படத்தை இயக்கியபோது ரம்லியைக் கதாநாயகனாகப் போட்டார். அதுமட்டுமில்லை, இரவல் குரல் வேண்டாம், உன் பாட்டை நீயே பாடி நடி என்று விட்டார். அன்றிலிருந்துதான் அந்த முகமும் அந்தக் குரலும் ஒரே ஆளுடையவை என்று ஊருக்குத் தெரிந்தது. மலாய் சினிமாவின் வரலாற்றைப் பேசும் மலாய்க்காரர்கள் கிருஷ்ணன் பெயரை மறக்காமல் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் சங்கடம்தான்.

ராஜ்ஹான்ஸ், கிருஷ்ணன், எஸ். ராமநாதன், வங்காளத்து பானி மஜும்தார் என்று வரிசையாக வந்த இந்தியர்களின் பக்கத்தில் நின்று வேலை பழகிய ரம்லி, 1955-ல் தானே ஒரு படம் இயக்கினார். வயது 26. படத்தின் பெயர் ‘பெனாரெக் பெச்சா’, அதாவது திரிஷாக்காரன். கதை, நடிப்பு, இயக்கம், இசை, பாட்டு என எல்லா இடத்திலும் அவர் கை இருந்தது. மலாய்க்காரனால் படம் இயக்க முடியுமா என்று முணுமுணுத்த வாயெல்லாம் அன்றோடு மூடிக்கொண்டது. அடுத்த எட்டு ஒன்பது வருஷம் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. 1956-ல் ‘ஹங் துவா’ படத்தின் இசைக்கு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு. 1957-ல் ‘அனாக்கு சசாலி’யில் தகப்பன், மகன் இரண்டு வேஷமும் கட்டியதற்குத் தோக்கியோவில் சிறந்த நடிகர் விருது. 1963-ல் அதே விழாவில், பல துறைத் திறமைக்கென்று தனியாக ஒரு விருது.

இனி பாட்டுக்கு வருவோம். பட்டிமன்றத்தில் எதிரணி எழுப்பும் முதல் ஆட்சேபம் எனக்குத் தெரியும். ரம்லி மெட்டுப் போட்டார், பாடினார், சரி. ஆனால் வரிகளைப் பல பாட்டுகளுக்கு வேறு ஆட்கள்தானே எழுதினார்கள்? எஸ். சுடார்மாஜி எழுதினார், ஜமில் சூலோங் எழுதினார். பிறகு எப்படி இவர் பாட்டுக் கட்டியவர் ஆவார்?

நல்ல கேள்விதான். பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது. எல்டன் ஜானை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-லிருந்து அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளுக்கு வரி எழுதியவர் பெர்னி டாப்பின். எல்டன் ஜான் மெட்டுப் போட்டுப் பாடினார். அதற்காக அவரை யாராவது பட்டியலிலிருந்து தூக்கியிருக்கிறார்களா? லண்டன்காரருக்கு ஒரு சட்டம், பினாங்குக்காரருக்கு ஒரு சட்டமா? இன்னொன்றும் உண்டு. ரம்லியின் பாட்டு ஒரு கதைக்குள்ளிருந்து வருகிறது. அந்தக் கதையை அமைத்தவர் அவர். பாட்டு வரவேண்டிய இடத்தை முடிவு செய்தவர் அவர். மெட்டு அவருடையது, குரல் அவருடையது, பாடும்போது திரையில் தெரியும் முகமும் அவருடையது. கேமராவை எங்கே வைப்பது என்று சொன்னவரும் அவரே. ஒரு பாட்டின்மேல் இவ்வளவு உரிமை டிலானுக்கே கிடையாது.

இதற்கு ‘கெத்தாரான் ஜீவா’ நல்ல உதாரணம். ஜீவா நமக்கும் தெரிந்த சொல்தான், உயிரின் அதிர்வு என்று அர்த்தம். 1960-ல் வந்த ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ படத்துப் பாட்டு. ஏழை இசைக் கலைஞனுக்கும் அரச பரம்பரைப் பெண்ணுக்கும் காதல். அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. இப்படிப்பட்ட கதையில் நாம் எதிர்பார்ப்பது ஓங்கி அழும் பாட்டு. ரம்லி அதைச் செய்யவில்லை. பியானோவுக்குப் பக்கத்தில், பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகப் பாடுகிறார். ஜாஸ் இசையின் சாயலில் சுரங்கள் இறங்கி வருகின்றன. குரலில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மூச்சுதான் இருக்கிறது. மேட்டுக்குடி வீட்டுக்குள் மெதுவாகப் பேசித்தானே ஆகவேண்டும் ஒரு ஏழை? அந்தத் தணிந்த குரலிலேயே கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. அறுபது வருஷம் கழித்தும் கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். எத்தனையோ பேர் திரும்பப் பதிவு செய்துவிட்டார்கள். அவரைவிடச் சத்தமாகப் பாடியவர்கள் உண்டு. அவரை மிஞ்சியவரை நான் இன்னும் கேட்கவில்லை.

அடுத்து ‘இபு மெர்துவாகு’. என் மாமியார் என்று பொருள். 1962-ல் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்கவேண்டிய படம், ஏனென்றால் இந்த மாமியார் நம் வீட்டிலும் இருக்கிறார். பணக்கார விதவை நியோன்யா மன்சோரின் மகள் சபாரியா, வானொலியில் பாடும் காசிம் செலாமாட் என்பவனை விரும்புகிறாள். மாப்பிள்ளை டாக்டரா, வக்கீலா என்று அம்மா எதிர்பார்க்க, பாட்டுக்காரன் என்று தெரிந்ததும் வீடு இடிந்துவிழுகிறது. கல்யாணம் செய்து வைத்துத் துரத்திவிடுகிறார். பினாங்குக்குப் போன ஜோடிக்குப் பசி. கர்ப்பிணியான பெண் தாய் வீட்டுக்குத் திரும்ப, பிரசவத்தில் செத்துவிட்டாள் என்று காசிமுக்குப் பொய்ச் செய்தி போகிறது. அழுது அழுதே அவன் கண் பார்வை போய்விடுகிறது. உண்மையில் அவள் ஒரு கண் டாக்டருக்கு மனைவியாக வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அந்த டாக்டரே காசிமுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுக்கிறார். உண்மை தெரிந்த காசிம் கடைசியில் தன் கையாலேயே கண்களைக் குத்திக்கொள்கிறான். கதையாகச் சொன்னால் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரியும். ஆனால் இடையிடையே அந்தக் குரல் வந்துவிட்டால் நமக்கு வாய் பேச வராது. பாட்டுக்காரனுக்கு இந்தச் சமூகம் என்ன விலை போடுகிறது என்பதை ரம்லி அறிந்திருந்தார். அது தன் தலையிலேயே இறங்கும் என்பதை மட்டும் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது ஆட்சேபமும் உண்டு. அவர் மெட்டுகளில் இந்திச் சினிமாவின் வாடை அடிக்கிறது, லத்தீன் அமெரிக்க ரும்பாவும் சாச்சாவும் இருக்கின்றன, அரபு இசை எட்டிப்பார்க்கிறது, சொந்தச் சரக்கு எங்கே என்பார்கள். துறைமுகத்தில் பிறந்தவன் பாட்டு வேறு எப்படி இருக்கும்? அச்சேக்காரத் தகப்பன், ஜப்பானியப் பள்ளிக்கூடம், இந்திய இயக்குநர், சீன முதலாளி. இத்தனையையும் போட்டு வதக்கி, சாப்பிட்டால் மலாய்ச் சமையல் என்று நாக்கு சொல்லும்படி இறக்கி வைத்தார் பாருங்கள், அதுதான் சொந்தச் சரக்கு. சுமார் 250 பாட்டுகளுக்கு மெட்டு அமைத்தார் என்பது கணக்கு. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். எல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்குள்.

1964-ல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்தார். இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் மகிழ்ச்சியாகச் சொல்ல அதிகம் இல்லை. உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படக் கம்பெனியில் 18 படங்கள் எடுத்தார். ஜாலான் அம்பாஸில் கூடவே இருந்த ஆட்கள் இங்கே இல்லை. வசதியும் பணமும் குறைவு. வீட்டுக்கு வீடு டிவி நுழைய ஆரம்பித்திருந்தது. அந்தப் படங்களில் பலவும் பழைய ரம்லிக்குப் பக்கத்தில் நிற்காது, அதை மறைத்துப் பேசுவதில் லாபமில்லை. 1967-ல் சிங்கப்பூர் ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

பாட்டு விஷயம் இன்னும் மோசம். பீட்டில்ஸ் அலை அடித்தது. மின்கித்தார் மாட்டிய மலாய் இளைஞர்கள் ‘போப் யே யே’ என்று கிளம்பினார்கள். ரம்லி பழைய ஆள் ஆகிவிட்டார். இத்தனைக்கும் அவருக்கு அந்தத் தாளம் தெரியாமல் இல்லை. 1964-ல் ‘தீகா அப்துல்’ படத்தில் கித்தாரை வைத்தே துள்ளலாக ஒரு ட்விஸ்ட் பாட்டுப் போட்டவர் அவர்தான், இன்றைக்கும் கேட்டால் கால் சும்மா இருக்காது. ஆனால் அன்றைய இளைஞர்களுக்கு அது காதில் ஏறவில்லை. அவர்களுக்கு வேண்டியது புது முகம். இருபது வயதில் நாமும் அப்படித்தானே? அப்பா கேட்ட பாட்டு என்றாலே ஒரு படி கீழே வைத்துவிடுவோம். வெளிநாட்டுப் பாடகர் வந்தால் பல நூறு வெள்ளி கொடுத்து டிக்கெட் வாங்குவோம். நம் ஊரிலேயே தமிழில் பாட்டுக் கட்டிப் பாடும் பையன் நிகழ்ச்சி வைத்தால், தம்பி, இலவச டிக்கெட் இருக்கா என்போம்.

1972-ல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவருடைய கடைசிப் படம். அதற்குப் பிறகு படம் எடுக்க அவருக்கு வாய்ப்பு வரவில்லை. செத்தாப்பாக்கில் ஒரு சாதாரண வீட்டில், மனைவி சலோமாவோடும் பிள்ளைகளோடும் இருந்தார். சலோமாவும் லேசுப்பட்டவர் இல்லை, தனியாகவே பெரிய பாடகி. 1961-ல் இருவருக்கும் கல்யாணம். வீட்டில் பணமுடை. 1973 மே 29-ஆம் தேதி மாரடைப்பு வந்து ரம்லி இறந்துபோனார். ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1983-ல், சலோமாவும் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம்தான் ஊர் விழித்துக்கொண்டது. கோலாலம்பூரின் நடுவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். பினாங்கிலும் ஒரு சாலை. செத்தாப்பாக் வீடு 1986-ல் நினைவு இல்லமாகிவிட்டது. 1990-ல் தான் ஸ்ரீ பட்டம் வந்தது, வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. இறந்தபின் மாலை போடுவதில் மலாய்க்காரர், தமிழர், சீனர் என்ற பேதமே கிடையாது, அந்த விஷயத்தில் நாமெல்லாம் ஒரே இனம். சலோமாவுக்கும் 2020-ல் ஒரு பாலம் கிடைத்தது. கம்போங் பாருவிலிருந்து கேஎல்சிசி பக்கம் போகும் அந்த விளக்குப் பாலத்தில் நின்று படம் எடுக்காத இளைஞர்கள் குறைவு. அது யார் பெயர் என்று கேட்டுப் பாருங்கள்.

எதிரணி கடைசியாக வைக்கும் வாதம், மலாய் பேசும் நாடுகளுக்கு வெளியே அவரை யாருக்குத் தெரியும் என்பது. தெரியாதுதான். உலகப் பட்டியல்களைப் போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அவர்கள் காதுக்கு எட்டாதது அவர்கள் பட்டியலில் வராது. நம் காதுக்கு அந்தச் சாக்கு இல்லையே. மலாய் நமக்குப் புரியும். தமிழும் தெரியும். அவரைச் செதுக்கிய சினிமாவின் சுவையும் பிறந்ததிலிருந்தே பழக்கம். அவரை முழுசாகக் கேட்கக்கூடிய காது உலகத்தில் யாருக்காவது இருக்கிறதென்றால் அது நம்மைப் போன்றவர்களுக்குத்தான். டிலானுக்கு அடுத்த இடமா, மார்லிக்கு முந்திய இடமா என்பதை மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். என் ஓட்டைக் கேட்டால், மூன்று பேருக்குள் வைப்பேன்.

சாகும் முன் அவர் கடைசியாக ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருந்தார். ‘ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்’ என்று பெயர், கோலாலம்பூரில் கண்ணீர். அவர் குரலில் அது பதிவாகவில்லை. அவர் போன பிறகு சலோமாதான் அதைப் பாடிப் பதிவு செய்தார்.